நோர்வேஜியன்ல "வோர்"னா வசந்தமா, "நம்மளோட"வா? இந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சு?

குளிர்தாங்கி:
எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்லோ வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது, சாயங்காலம் நோர்வேஜியன் கிளாஸ் போயிட்டு இருக்கேன், இப்பதான் பி1 லெவல். ஒரு வார்த்தை மண்டையைக் குடையுது, இங்க சொல் ஆராய்ச்சி பண்றவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு கேக்குறேன்.

விஷயம் என்னன்னா போன மாசக் கடைசில எங்க பில்டிங் லிஃப்ட்ல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, "வோர்டுக்னாட், சனிக்கிழமை 11 மணி"ன்னு. டுக்னாட்னா தெரியும், குடியிருக்கிறவங்க எல்லாம் சேந்து சம்பளம் கிம்பளம் இல்லாம முற்றத்தைக் கூட்டி, பழைய இலையை வாரி, குளிர்காலத்துல வழுக்காம இருக்கறதுக்குக் கொட்டின பொடி ஜல்லியை எல்லாம் பெருக்கி அள்ளுற வேலை, முடிச்சதும் காபி, சாஸேஜ். ஆனா "வோர்"னா எங்க கிளாஸ்ல முதல்ல சொல்லிக்குடுத்தது "நம்மளோட"ன்னு. அதனால நான் பாட்டுக்கு "நம்ம டுக்னாட்"னு படிச்சுட்டு, அட எவ்வளவு பாசமா எழுதியிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன். எதிர் வீட்டுப் பாட்டிகிட்ட சொன்னா சிரிச்சுட்டாங்க. சேத்து எழுதியிருந்தா அது வசந்தகால டுக்னாட், பிரிச்சு எழுதியிருந்தாதான் நம்ம டுக்னாட்னு விளக்கினாங்க. ஒரு இடைவெளில இவ்வளவு இருக்கு!

சரி, என் கேள்வி ரெண்டு. வசந்தம்ங்கற வோரும் நம்மளோடங்கற வோரும் ஒரே வார்த்தையா? ரெண்டாவது, கிளாஸ்ல கூட படிக்கிற ஒரு ஜெர்மன்காரர் அடிச்சு சொல்றாரு, "ஓர்"னா வருஷம், டேனிஷ்ல வசந்தத்துக்கு "ஃபோர்-ஓர்", அதாவது வருஷத்தோட முன்பகுதி, அது தேஞ்சுதான் நோர்வேல "வோர்" ஆச்சுன்னு. கேக்க நல்லாதான் இருக்கு, டீச்சரும் "இருக்கலாம்"னு தோளைக் குலுக்கிட்டாங்க. உண்மையா?

(எழுத்து பத்தி ஒண்ணு சொல்லிடறேன், ரெண்டுலயும் வர்றது தலைல குட்டி வட்டம் வச்ச ஏ. உச்சரிப்பு கிட்டத்தட்ட நம்ம "ஓ".)

சொல்நோண்டி:
ரெண்டுக்கும் பதில் இல்லைதான் 😊 ஆனா அந்த ஜெர்மன்காரர் மேல தப்பு சொல்ல மாட்டேன், பாக்க அவ்வளவு பொருத்தமா இருக்குற பொய் அது.

முதல்ல ஃபோர்-ஓர். அது டேனிஷ்காரங்க வடக்கு ஜெர்மனி வட்டாரப் பேச்சைப் பாத்து அப்படியே காப்பி அடிச்ச அமைப்பு, டச்சுலயும் இன்னிக்கு வரைக்கும் "ஃபோர்-யார்"னுதான் சொல்றாங்க, வருஷத்துக்கு முந்தினது. அதே அச்சுல இலையுதிர் காலத்துக்கு "எஃப்தர்-ஓர்", வருஷத்தோட பின்பகுதி. நோர்வே இந்த ஜோடியை எடுத்துக்கவே இல்ல. பழைய நார்ஸ்ல, அதாவது வைக்கிங் காலத்துல அந்தப் பக்கம் பேசின மொழிலயே, "வார்"னு நெடிலோட ஒரு வார்த்தை வசந்தத்துக்கு இருந்துச்சு, ஐஸ்லாந்துல இன்னிக்கு "வோர்", ஸ்வீடன்லயும் "வோர்", ஃபாரோ தீவுலயும் அதுவேதான். அதாவது ஃபோர்-ஓர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வோர் வீட்ல உக்காந்திருக்கு, பேரனுக்குத் தாத்தா பொறந்த கதையா ஆயிடும் அவர் சொல்றதை ஒத்துக்கிட்டா. இன்னும் சொல்லப்போனா டேனிஷ்லயே கவிதைல எழுதுறப்ப "வோர்"தான் போடுவாங்க, பழசு அதுதான்.

"நம்மளோட" வோர் வேற குடும்பம். ஜெர்மன்ல "உன்ஸர்"னு இருக்குல்ல, அதோட உறவு. ஆயிரம் வருஷம் தேஞ்சு தேஞ்சு ரெண்டும் ஒரே சத்தத்துல வந்து நின்னுடுச்சு, ரயில்ல பக்கத்து பக்கத்து சீட்டுல உக்காந்தவங்க மாதிரி. சொந்தம் கிடையாது.

இப்ப நிஜமான விஷயத்துக்கு வரேன். வோரோட சொந்தக்காரங்க யாருன்னு பாத்தா லத்தீன்ல "வேர்"னா வசந்தம், ரஷ்யன்ல "வெஸ்னா", லித்துவேனியன்ல "வாஸரா" (அங்க கோடைன்னு அர்த்தம் நகந்துடுச்சு), பாரசீகத்துல "பஹார்", ஹிந்தி பாட்டுல வருமே அதே பஹார்தான். அப்புறம் சமஸ்கிருதத்துல "வஸந்த". ஆமாங்க, நீங்க "வசந்தகால டுக்னாட்"னு மொழிபெயர்த்தீங்க பாருங்க, அங்க வசந்தமும் வோரும் தூரத்து அக்கா தங்கச்சி.

குளிர்தாங்கி:
என்னங்க சொல்றீங்க!! வசந்தம்ல ஸ, ந், த எல்லாம் இருக்கு, வோர்ல ர் மட்டும்தான் இருக்கு. எப்படி ரெண்டும் ஒண்ணாகும்? நம்புறதுக்குக் கஷ்டமா இருக்கு, இப்படித் தேச்சுத் தேச்சுக் கொண்டுபோனா எதையும் எதோடயும் சேத்துடலாமே.

சொல்நோண்டி:
நல்ல கேள்வி, இதைக் கேக்கலன்னாதான் வருத்தப்பட்டிருப்பேன்.

இந்த மொழிகளுக்கெல்லாம் மூத்த மொழி ஒண்ணு இருந்துச்சுல்ல, அதுல சில பெயர்ச்சொல்லுக்கு ஒரு வினோத குணம். எழுவாயா நிக்கும்போது கடைசில "ர்" வரும், வேற்றுமை உருபு சேரும்போது அந்த ர் போயி "ன்" வந்துடும். நம்ம "மரம்"கறது "மரத்தை"ன்னு ஆகும்போது ம் போயி த்து வருதே, அந்த மாதிரி. நாம சின்ன வயசுல இருந்து பேசறதால அதிசயமா தெரியல, அவ்வளவுதான். அந்த மூத்த மொழில வசந்தத்துக்கு "வெஸ்ர்"னு ஒரு வடிவம், "வெஸ்ன்"னு ஒரு வடிவம், ரெண்டும் ஒரே வார்த்தைதான். அப்புறம் பிள்ளைங்க தனிக்குடித்தனம் போனப்ப சிலது ர் வடிவத்தை எடுத்துட்டுப் போச்சு, சிலது ன் வடிவத்தை. லத்தீன், நார்ஸ், லித்துவேனியன், பாரசீகம் எல்லாம் ர் கட்சி. ரஷ்யன் வெஸ்னா, சமஸ்கிருத வஸந்த ரெண்டும் ன் கட்சி. நடுவுல இருந்த ஸ் நார்ஸ்லயும் லத்தீன்லயும் கரைஞ்சு போயி, அதோட இடத்தை ஈடுகட்ட முன்னாடி இருந்த உயிரெழுத்து நெடிலா நீண்டுடுச்சுன்னு சொல்றாங்க.

இது ஏதோ இந்த ஒரு வார்த்தைக்காக ஜோடிச்ச கதை இல்லன்னு காட்ட உங்க வீட்டுக் குழாயைத் திறங்க. ஆங்கிலத்துல "வாட்டர்", ர்ல முடியுது. நோர்வேல ரெண்டு எழுத்து வழக்கு இருக்கு, நீநோர்ஸ்க்ல எழுதுனா "வத்ன்", புக்மோல்ல "வன்", ரெண்டுமே ன்ல முடியுது. தண்ணிக்கும் அதே ர்-ன் விளையாட்டு. ஒரே வார்த்தை, ஆங்கிலம் ஒரு பாதியைப் பிடிச்சுக்கிச்சு, நோர்வே இன்னொரு பாதியை. வசந்தத்துல பாத்தா நோர்வே ர் பாதியை வச்சுக்கிச்சு, தண்ணில ன் பாதியை வச்சுக்கிச்சு. எனக்கு இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, சத்தியமா.

இன்னொண்ணு, இதே வார்த்தைக்கு "ஒளிர், விடி"ங்கற வேரைக் காட்டுற அறிஞர்களும் இருக்காங்க, உஷைங்கறோமே அந்த வேர். எல்லாரும் ஒத்துக்கிட்டது இல்ல, அதனால அதுமேல கோட்டை கட்ட வேண்டாம்.

தென்றல்மறவன்:
எல்லாரும் சமஸ்கிருதம் லத்தீன்னு சுத்தி சுத்தி வர்றீங்க, பக்கத்துல இருக்குற தமிழ் கண்ணுக்குத் தெரியலையா. "ஓர்" ன்னா அவங்களுக்கு ஒரு வருஷம், நமக்கு ஓர் ஆண்டு. ஓர்-ங்கறது நம்ம எண்ணுப்பெயர், ஆண்டு தேஞ்சு போயி ஓர் மட்டும் நின்னுடுச்சு. அதே மாதிரி வோர்-ங்கறது "வார்", மழை வார்க்குற காலம். கடல் வழியா வணிகம் பண்ண போன தமிழன் விட்டுட்டு வந்த சொல்லுங்க இது. ஆராய்ச்சி பண்ண ஆள் இல்ல, அதான் கொடுமை.

சொல்நோண்டி:
தோழர், கோபப்படாதீங்க, தமிழ் மேல உங்களுக்கு இருக்குற அதே பாசம் எனக்கும் இருக்கு. ஆனா "ஓ"ன்னு உச்சரிக்கறதே அங்க பிற்காலத்துல வந்த மாற்றம். வைக்கிங் காலத்துல போயி கேட்டிருந்தா வருஷத்தை "ஆர்"னு சொல்லியிருப்பாங்க, வசந்தத்தை "வார்"னு. அதுக்கும் முன்னாடி வருஷத்துக்கு "யேர", "யார"ன்னு முன்னாடி ஒரு ய இருந்துச்சு. அந்த ய-வோட சேத்துதான் ஆங்கில "இயர்", ஜெர்மன் "யார்". இன்னிக்கு காதுல விழற ஓர்-ஐ மட்டும் எடுத்துக்கிட்டு நம்ம ஓர்-கூட ஒட்டவச்சா, இன்னிக்கு எடுத்த ஃபோட்டோல ரெண்டு பேர் ஒரே கலர் சட்டை போட்டிருக்காங்க, அதனால அண்ணன் தம்பின்னு சொல்ற மாதிரி. சின்ன வயசு ஃபோட்டோ வேணும்ல.

அப்புறம் சொன்னா அடிக்க வராதீங்க, "வசந்தம்"கறதே தமிழுக்கு வந்து தங்கின வார்த்தைதான். நம்ம சொந்தச் சரக்கு இளவேனில். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்னு ஆறு பேர் வச்சிருக்கோம், இந்த ஆறுல எதுக்கும் நோர்வேகாரங்ககிட்ட சொந்தம் கிடையாது, அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

தென்றல்மறவன்:
வார் னு இருந்துச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நான் சொன்னதும் வார் தானே.

சொல்நோண்டி:
😂 அதுக்கு முன்னாடி வெஸ்ர்னு இருந்துச்சுன்னும் சொன்னேனே, அதை விட்டுட்டீங்களே. மழை வார்க்குற காலம்னு வேற சொல்றீங்க, ஆஸ்லோல வசந்தம்தான் ஒப்பிட்டுப் பாத்தா காஞ்ச காலம், மழை கொட்டறது அதுக்கப்புறம்தான்.

ரூன்கிறுக்கன்:
ய காணாம போன கதையை சொல்நோண்டி ஒரே வரில தாண்டிட்டாரு, எனக்கு உயிரே அதுலதான், அதனால நான் கொஞ்சம் விரிவா சொல்றேன், நீளமா இருந்தா மன்னிச்சுக்கங்க.

வடக்கு ஜெர்மானிய மொழில, அதாவது நோர்வே, ஸ்வீடன், டேனிஷ் மொழிகளோட மூதாதைல, ஒரு கட்டத்துல சொல்லோட முதல்ல வர்ற ய கிட்டத்தட்ட மொத்தமா உதிர்ந்துடுச்சு. ஆங்கிலத்துல "யங்", நோர்வேல "உங்". ஆங்கிலத்துல "யோக்", நோர்வேல "ஓக்" (மாட்டுக் கழுத்துல பூட்டுற நுகத்தடி). ஆங்கிலத்துல "இயர்", நோர்வேல "ஓர்". இந்தப் பக்கம் சமஸ்கிருதத்துல பாத்தா யுவன், யுகம், ரெண்டுலயும் ய அப்படியே குத்துக்கல்லாட்டம் நிக்குது. ஒழுங்கு பாருங்க. ஒரு வார்த்தை ஒத்துப்போனா அது தற்செயலா இருக்கலாம், வரிசையா ஒரே மாதிரி உதிர்ந்திருந்தா அது விதி.

இதுக்கு எழுத்துலயே சாட்சி இருக்குங்கறதுதான் அழகு. ரூன்ங்கறது ஜெர்மானிய மக்கள் கல்லுல, மரத்துல வெட்டின பழைய எழுத்து, முதல்ல மொத்தம் 24. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பேர், பேரோட முதல் சத்தம்தான் அந்த எழுத்தோட சத்தம். ய சத்தத்துக்கு இருந்த எழுத்தோட பேர் "யார", வருஷம்னு அர்த்தம். அப்புறம் பேச்சுல ய உதிர்ந்தப்ப பேரும் "ஆர"ன்னு ஆயிடுச்சா, உடனே எழுத்தோட சத்தமும் யல இருந்து அவுக்கு மாறிடுச்சு! பிற்பாடு 16 எழுத்தா சுருக்கின வைக்கிங் கால ரூன் வரிசைல அந்த எழுத்துக்குப் பேர் "ஆர்", சத்தம் அ. கல்லுல வெட்டின எழுத்தே வாய்க்குப் பின்னாடி ஓடியிருக்கு.

இந்த ஆர்-க்கு அப்ப வருஷம்ங்கற அர்த்தத்தோட நல்ல விளைச்சல்ங்கற அர்த்தமும் உண்டு. மேற்கு நோர்வேல பழைய கூலாதிங் சட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல விவசாயிங்க பீர் காய்ச்சி, கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் நன்றி சொல்லி, "ஆருக்கும் அமைதிக்கும்"னு ஆசீர்வதிச்சுக் குடிக்கணும்னு சட்டமாவே எழுதி வச்சிருக்காங்க. குடிக்கலன்னா அபராதம், நல்ல ஊருப்பா.

இப்ப க்ளைமாக்ஸ். இந்த யேர-வோட கிரேக்கச் சொந்தம் "ஹோரா", காலம், பருவம், பொழுதுன்னு அர்த்தம். கிரேக்கத்துல முதல்ல வர்ற ய பல வார்த்தைல உதிராம ஹ-வா மாறிடும். அந்த ஹோரா லத்தீனுக்குப் போயி, அங்கிருந்து ஜெர்மன் வழியா நோர்வேக்கு வந்து "ஊர்"னு ஆச்சு, ஊர்னா கடிகாரம். இன்னொரு பக்கம் கிரேக்க ஜோதிடத்தோட சேந்து சமஸ்கிருதத்துக்குக் கடனா வந்துச்சு, "ஹோரா". நம்ம பஞ்சாங்கத்துல சுக்கிர ஓரை, குரு ஓரைன்னு போடுவாங்கல்ல, அந்த ஓரை!!! ஆக தென்றல்மறவன் அண்ணே, நோர்வே ஓர்-க்குத் தமிழ்ல சொந்தம் நிஜமாவே இருக்கு, ஆனா நீங்க தேடின வாசல்ல இல்ல, கிரேக்க ஜோசியக்காரன் பையில வந்து இறங்கியிருக்கு.

தென்றல்மறவன்:
ஓரை தமிழ்ச்சொல். இது பத்தி தனியா இழை ஆரம்பிக்கிறேன்.

ரூன்கிறுக்கன்:
வந்துடறேன் அண்ணே, டீ போட்டு வைங்க.

வடமுனை அண்ணை:
தங்கச்சி, இப்பதான் இந்த இழையைக் கண்டனான். சொல்நோண்டி தம்பியும் ரூன் தம்பியும் சொல்லுறது சரி. நான் படிச்ச ஆள் இல்லை, ஆனா இந்த நாட்டுக்கு 87ல வந்தனான், முதல் ஆறு வருசம் வடக்குக் கோடியில இருக்கிற ஃபின்மார்க்கில மீன் ஃபெக்டரி. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மூண்டு விசயம் சொல்லுறன்.

அங்க முதல் வருசம் ஏப்ரல் நடுவில கூட வேலை செய்யிற ஒரு நோர்வேக்காரன் சந்தோசமா "நோ அர் தெ வோர்" எண்டான், இப்ப வசந்தம் வந்திட்டுதாம். வெளியில பாத்தா இடுப்பளவு ஸ்னோ. எனக்கு நல்ல கோவம், பகிடி பண்ணுறான் எண்டு நினைச்சன். பூ எங்க, குயில் எங்க, வசந்தமாம் வசந்தம்! பேந்துதான் விளங்கிச்சுது. நவம்பர் கடைசில இருந்து ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் சூரியனையே காணாத சனத்துக்கு, ராத்திரி எட்டு மணிக்கும் வெளிச்சம் நிக்குதெண்டால் அதுதான் வோர். பூவெல்லாம் எங்கட கணக்கு. தம்பி சொன்ன "விடியிற வேர்" கதையை அறிஞர்மார் ஒத்துக்கொள்ளினமோ இல்லையோ, ஃபின்மார்க்கில ஒரு குளிர்காலம் இருந்து பாத்தவன் ஒத்துக்கொள்ளுவான்.

வானிலைக்காரருக்கு இன்னொரு கணக்கு இருக்கு. நாள் சராசரி வெப்பம் 0 பாகைக்கு மேல ஏறி 10 பாகைக்குள்ள நிக்கிறவரை வோர், 10ஐத் தாண்டினால் சொம்மர். அப்பிடிப் பாத்தால் வடக்கில சில இடங்களில வோர் வந்து, சொம்மர் எட்டிப் பாத்திட்டு ஓடிடும்.

பழைய ஆக்கள் நாலு பருவமாப் பிரிக்கவே இல்லை, அதையும் சொல்ல வேணும். ப்ரிம்ஸ்தாவ் எண்டு ஒரு மரக் கலண்டர், அடிமட்டம் மாதிரி நீளமா இருக்கும், மியூசியத்தில கண்டிருப்பீங்கள். ஒரு பக்கம் கோடை, மற்றப் பக்கம் குளிர், அவ்வளவுதான். ஏப்ரல் 14 கோடைப் பக்கம் தொடங்குது, அந்த நாளுக்கு ஒரு மரம் செதுக்கியிருப்பினம். ஒக்டோபர் 14 குளிர்ப் பக்கம், அதுக்கு ஒரு கையுறை, விரல் பிரியாத கம்பளிக் கையுறை. வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும். அண்டைக்குத் தடியைத் திருப்பிக் கொழுவி விடுறது.

வயசையும் குளிர்காலத்திலதான் எண்ணுவினம், பன்ரெண்டு வருசம் எண்டு சொல்லாமல் பன்ரெண்டு குளிர் எண்டு. இதில ஒண்டு இண்டைக்கும் உயிரோட இருக்கு. நான் இப்ப இருக்கிறது தென்மேற்கில யேரன் எண்ட இடத்துப் பக்கம், சுத்திவர செம்மறிதான். இன்னும் குட்டி போடாத இளம் மறிக்கு பக்கத்துக் காணிக்காரன் சொல்லுற பேர் "யிம்மெர்". எழுதேக்க முதல் எழுத்து க, வாயில ய. அந்தச் சொல்லுக்குள்ள குளிர்காலம் ஒளிச்சிருக்கு எண்டு அவன்தான் எனக்குச் சொன்னது, ஒரு குளிரைக் கண்ட ஆடு எண்டு அர்த்தமாம். தம்பிமார் சரியோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.

சொல்நோண்டி:
அண்ணே, அந்தக் காணிக்காரருக்கு என் சார்பா ஒரு காபி வாங்கிக் குடுங்க. சரியேதான். பழைய நார்ஸ்ல அது "கிம்பர்"ங்கற மாதிரி, க-ல தொடங்கும், குளிர்காலத்தைக் குறிக்குற ஆதி வேர்ல இருந்து வந்தது. அதே வேர் சமஸ்கிருதத்துல "ஹிம", பனி. ஹிமாலயம், ஹேமந்தம் எல்லாம் அங்கதான். கிரேக்கத்துல "கிமைரா"ன்னா ஒரு குளிரைக் கண்ட பெட்டை ஆடு, சிங்கத்தலை ஆட்டு உடம்புன்னு புராணத்துல ஒரு பிராணி வருமே, அந்தப் பேரே இதுதான்.

நோர்வேல க, சமஸ்கிருதத்துல ஹ, எப்படின்னு இப்ப யாராவது கேப்பீங்க. இதுவும் விதிதான். நோர்வேல வாத்து மாதிரி இருக்குற பெரிய பறவை "கோஸ்", சமஸ்கிருதத்துல "ஹம்ஸ". க-வுக்கு ஹ. அதனால யேரன்ல மேயுற இளம் செம்மறியும் இமயமலையும் ஒரே வேர்.

குளிர்தாங்கி:
நான் ஒரு சின்ன சந்தேகம் கேட்டேன், நீங்க எல்லாரும் சேந்து என்னை இமயமலைல ஏத்தி விட்டுட்டீங்க 😄 அண்ணை, அந்த ஸ்னோ கதை படிச்சு கண்ணு கலங்கிடுச்சு, நானும் முதல் மார்ச்ல அப்படித்தான் திட்டினேன்.

ஆனா ஒரு இடம் இடிக்குது. கலண்டர்ல கோடை, குளிர் ரெண்டே பக்கம்தான்னா, வோர்ங்கற வார்த்தை மட்டும் எப்படி அவ்வளவு பழசா இருக்கும்? அப்புறம் அந்த இலையுதிர் காலம், "ஹொஸ்ட்" (வாயை ஓ சொல்ற மாதிரி குவிச்சுக்கிட்டு ஏ சொல்லணும், எனக்கு இன்னும் வரல), அதுக்கு என்ன கதை?

சொல்நோண்டி:
கலண்டர்ங்கறது கணக்கு வைக்கறதுக்கு, வாடகை எப்ப, மாட்டை எப்ப வெளிய விடணும்னு. வாய்ல இருக்குற வார்த்தைங்க கலண்டரைக் கேட்டுட்டுப் பொறக்கறது இல்ல. நாமளும் வருஷத்தை ஆறா பிரிச்சுட்டு பேச்சுல வெயில் காலம், மழைக் காலம், பனிக் காலம்னு மூணுலயே ஓட்டறோமே.

ஹொஸ்ட்டுக்கு சூப்பரான ஒரு சாட்சி இருக்கு. ரோமானிய வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்குல ஜெர்மானிய மக்களைப் பத்தி எழுதினதுல, அவங்களுக்குக் குளிர்காலம், வசந்தம், கோடை மூணும் தெரியும், பேரும் இருக்கு, ஆனா இலையுதிர் காலத்தோட பேரும் தெரியாது, அது தர்ற வளங்களும் தெரியாதுன்னு சொல்றாரு. அவர் ரோம்ல இருந்துக்கிட்டு திராட்சையை நெனச்சுக் கொஞ்சம் மட்டம் தட்டி எழுதினாருங்கறது என் அபிப்பிராயம். ஆனாலும் வசந்தத்துக்குப் பேர் இருந்துச்சுன்னு அவரே சொல்லிட்டாரு பாருங்க, உங்க முதல் சந்தேகத்துக்கு அது பதில்.

ஹொஸ்ட் பழைய நார்ஸ்ல "ஹவுஸ்ட்". ஆங்கில "ஹார்வெஸ்ட்", ஜெர்மன் "ஹெர்ப்ஸ்ட்" எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைங்க. அடிப்படை அர்த்தம் பறிக்குறது, கொய்யுறது. லத்தீன்ல "கார்ப்பேரே"ன்னா பறி, கிரேக்கத்துல "கார்ப்போஸ்"னா பழம், அதே வேர். ஆக அது முதல்ல அறுப்பு வேலையோட பேர், அந்த வேலை நடக்குற மாசங்களுக்கு அப்புறமா ஒட்டிக்கிச்சு. நோர்வேல இன்னும் ரெண்டும் உயிரோட இருக்கு, "ஹொஸ்ட்"னா காலம், "ஹொஸ்டெ"ன்னா அறுவடை பண்றது. ஆங்கிலத்துல காலத்தைக் குறிக்கறது செத்துப் போயி வேலை மட்டும் நின்னுச்சு, காலத்துக்கு ஃப்ரெஞ்சுக்காரன்கிட்ட "ஆட்டம்" கடன் வாங்கினாங்க. வசந்தத்துக்கும் அதே கதி, ஆங்கிலத்துல வோர் மாதிரி ஒண்ணு மிஞ்சல, துளிர் குதிச்சு வெளிய வருதுன்னு "ஸ்ப்ரிங்". அந்த விதத்துல நோர்வேதான் பழைய பாத்திரத்தைப் பரண்ல போடாம இன்னும் அடுப்புல வச்சிருக்கு.

ரூன்கிறுக்கன்:
அகராதில தேடுறவங்களுக்கு ஒரு டிப்ஸ். அந்த வட்டம் போட்ட எழுத்து அவங்க வரிசைல கடைசி, 29வது. நான் ஆரம்பத்துல ஏ பகுதில தேடித் தேடி "ஓர்" இல்லவே இல்லன்னு முடிவு பண்ணிட்டேன், புத்தகம் தப்புன்னு வேற சண்டை போட்டேன். பழைய புத்தகம், பழைய கல்வெட்டுல எல்லாம் ரெட்டை ஏ போட்டு எழுதியிருப்பாங்க, 1917 எழுத்துச் சீர்திருத்தத்துலதான் வட்டம் போட்ட எழுத்து அதிகாரபூர்வமா வந்துச்சு. கேட்டா உச்சரிப்பு ஒண்ணுதான்.

குளிர்தாங்கி:
அப்டேட். நேத்து டுக்னாட் முடிஞ்சுது. மூணு மணி நேரம் ஜல்லி கூட்டினேன், உள்ளங்கைல கொப்புளம். பாட்டிகிட்ட சாஸேஜ் சாப்பிடறப்ப இந்த வோர்-வசந்தம் கதையைச் சொன்னேன், தண்ணி கதையையும். அவங்க நம்பல, ஃபோனை எடுத்து அகராதில பாத்தாங்க, லத்தீன் வேர்-உம் அங்கயே போட்டிருந்துச்சு. அப்புறம் "வசந்தம், வசந்தம்"னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டு, அது உங்க ஊர் வார்த்தையான்னு கேட்டாங்க. நான் நேர்மையா இல்ல, எங்களோடது இளவேனில்னு சொன்னேன். இளவேனில்ல "ழ" இருக்கோன்னு நானே ஒரு செகண்ட் குழம்பிட்டேன், வெக்கக்கேடு.

வீட்டுப்பாடத்துல ஒரு வரி எழுதியிருக்கேன், "நம்மளோட வசந்தம் ரொம்ப சின்னது"ன்னு சொல்ல. "வோர் வோர் அர் கொர்ட்". சரியா அண்ணை? டீச்சர் ரசிப்பாங்கன்னு நெனைக்கறேன்.

வடமுனை அண்ணை:
இலக்கணப் பிழை இல்லை தங்கச்சி, ஆனா ஒருத்தரும் அப்பிடிக் கதைக்க மாட்டினம், மேடையில பேசுற மாதிரி இருக்கும். இங்க "நம்மளோட"வைப் பின்னால போடுறதுதான் வாய்வழக்கு. "வோரென் வோர் அர் கொர்ட்" எண்டு மாத்துங்கோ. கொப்புளத்தைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ.